இரண்டு வருடம் விற்காத கலப்பை



சொந்தமாகச் சிறுதொழில் தொடங்க ஒருவரைத் தூண்டுவது எது என்பது மலர்க் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு. ஒன்பது வருடம் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, நாலு வருடத்துக்கு முன்னால் இரண்டு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வாங்கிப் போட்டு ஷெட் ஆரம்பித்தவன் என்பதால் என்னைக் கேட்டிருக்கிறார்கள். என் கதையை எழுதினால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். அதிலும் பாதி, பேங்க் வாசலில் காத்திருந்த கதையாக இருக்கும். ஆகவே நான் பல வருடமாகக் கிடைத்த இடத்திலெல்லாம் தேடிப் படித்துவரும் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். அவர் காலமாகி அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் பெயர் மட்டும் நம்ம பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் புழங்குகிறது. அது ஒரு மனிதரின் பெயர் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜின் ஓடிய காலத்தை நம் சீனியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கரன்ட் வராத தோட்டங்களில் அந்த இன்ஜின் சத்தத்தை வைத்தே யார் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள். அப்படி ஓடிய இன்ஜின்களில் நிறைய கிர்லோஸ்கர். ஏதோ வெள்ளைக்காரன் கம்பெனி என்றும், ஏதோ ஒரு ஊரின் பெயர் என்றும் நினைத்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு. ஊரின் பெயர் என்று சொன்னவர்கள் பாதி சரி. ஊரும் இருக்கிறது. ஆனால் ஊருக்குப் பெயர் மனிதரிடமிருந்து வந்தது.

அவர் லட்சுமணராவ் காசிநாத் கிர்லோஸ்கர். 1869-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் தேதி குர்லஹொசூர் என்ற கிராமத்தில் பிறந்தார். இன்றைக்குக் கர்நாடகத்தில் பெலகாவி மாவட்டத்தில் இருக்கிறது. அப்போது பம்பாய் மாகாணம், பெல்காம் ஜில்லா. மராத்தி நாடக உலகில் பெரும் பெயர் எடுத்த அண்ணாசாகேப் கிர்லோஸ்கரும் அதே ஊரில் பிறந்தவர்தான். லட்சுமணராவின் அப்பா வேதாந்தம் கற்ற பண்டிதர். மகனும் அந்த வழியில் வருவான் என்று எதிர்பார்த்தார். மகனுக்கோ ஏட்டுப் படிப்பு ஏறவில்லை. படம் வரைவதும், கையில் கிடைத்த கருவியைப் பிரித்துப் பார்ப்பதும்தான் பிடித்திருந்தது. 1885-ல் பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர வேண்டும் என்று கிளம்பினார். அப்பாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. பணம் கொடுத்து அனுப்பியவர் அண்ணன் ராமுவண்ணா. பெயரிலேயே அண்ணா ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள். இந்தக் கதை முழுக்க அந்த அண்ணா வருவார்.

ஓவியப் பள்ளியில் இரண்டு வருடம் போனது. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது, லட்சுமணராவுக்குச் சில நிறங்களைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கோடு சுத்தமாக விழுகிறது, வண்ணம் வைத்தால் தப்பிப் போகிறது. ஓவியனாக வேண்டும் என்று வீட்டை எதிர்த்துக்கொண்டு வந்த பையனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊருக்குத் திரும்பிப் போய் அப்பா சொன்னதைக் கேட்பதற்கு இதைவிட நல்ல சாக்குக் கிடையாது. அவர் போகவில்லை. வண்ணத்தை விட்டுவிட்டார், கோட்டை விடவில்லை. அதே பம்பாயில் மெக்கானிக்கல் டிராயிங் கற்றுக்கொண்டார். நம் கல்லூரியில் ஃபர்ஸ்ட் இயரில் டிராயிங் ஹாலில் டி-ஸ்கொயரோடு மல்லுக்கட்டிய எல்லோருக்கும் தெரியும், அங்கே பென்சில் முனையைத் தவிர வேறு நிறம் தேவையில்லை.

பிறகு விக்டோரியா ஜூபிலி டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட்டில் டிராயிங் வாத்தியார் வேலை கிடைத்தது. இன்றைக்கும் மும்பையில் வி.ஜே.டி.ஐ. என்று பெயரோடு நடக்கும் கல்லூரிதான். 1887-ல் ஆரம்பித்தது. மாதச் சம்பளம் 45 ரூபாய். வகுப்பு முடிந்ததும் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டுகிற ஆள் இல்லை அவர். ஓய்வு நேரமெல்லாம் தொழிற்சாலைகளில் போய் நின்றார். எந்த மெஷின் எப்படி ஓடுகிறது, பெல்ட் எங்கே மாட்டுகிறது, லேத்தில் வேலை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்து, முடிந்தபோது கையாலும் செய்து பார்த்தார். இஞ்சினீயரிங் பட்டம் எதுவும் அவர் வாங்கவில்லை. நம்மிடம் பட்டம் இருக்கிறது. ஆனால் நம்மில் எத்தனை பேர் படிக்கும் காலத்தில் நாமாகவே ஒரு ஃபவுண்டரிக்குள் போய் நின்றிருப்போம்? இண்டஸ்ட்ரியல் விசிட் என்று பஸ் வைத்துக் கூட்டிப்போனபோது திரும்பி வரும் வழியில் எந்த சினிமா என்று பேசிக்கொண்டிருந்ததுதான் எனக்கு நினைவு வருகிறது.

அந்த நாளில் பம்பாய்த் தெருவில் ஒருவர் சைக்கிளில் போவதை லட்சுமணராவ் பார்த்தார். அப்போது சைக்கிள் என்பது கூட்டம் கூடி வேடிக்கை பார்க்கும் பொருள். அதைப் பார்த்ததும் அவருக்கு ஊர் ஞாபகம் வந்தது. பம்பாயில் சைக்கிளை வாங்கி பெல்காமில் இருந்த அண்ணனுக்கு அனுப்பினார். அண்ணன் அதை விற்றார். விற்றால் போதுமா, வாங்கியவருக்கு ஓட்டத் தெரிய வேண்டுமே. ராமுவண்ணா காசு வாங்கிக்கொண்டு ஓட்டவும் கற்றுக்கொடுத்தார். கிர்லோஸ்கர் சகோதரர்கள் என்று போர்டு மாட்டிய கடை இப்படித்தான் வந்தது. 1888-ஆம் ஆண்டைத்தான் கிர்லோஸ்கர் நிறுவனங்கள் தங்கள் பிறந்த வருடமாகச் சொல்கின்றன. தம்பிக்கு அப்போது 19 வயது.

இந்த இடத்தில் ஜூனியர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். வேலையை விட்டுவிட்டுக் கடை ஆரம்பிக்கவில்லை அவர். சம்பளம் வாங்கிக்கொண்டே, நூற்றுக்கணக்கான மைலுக்கு அந்தப் பக்கம், அண்ணன் பெயரில் பாதியும் தன் பெயரில் பாதியுமாக ஒரு கடை. சைக்கிளை இவர் கண்டுபிடிக்கவும் இல்லை, செய்யவும் இல்லை. ஓர் ஊரில் கிடைப்பதை அது கிடைக்காத ஊருக்குக் கொண்டுபோனார், அவ்வளவுதான். புதிதாக எதையாவது கண்டுபிடித்தால்தான் தொழில் என்று காத்திருக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. பத்து வருடமாகக் காத்திருக்கிறார்கள்.

அடுத்து நடந்ததைத்தான் எல்லோரும் விரும்பிச் சொல்வார்கள். இன்ஸ்டிடியூட்டில் ஒரு மேல் பதவி காலியானது. முறைப்படி லட்சுமணராவுக்கு வர வேண்டியது. அதை ஓர் ஆங்கிலோ-இந்தியருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் ராஜினாமா செய்துவிட்டு பெல்காமுக்கு ரயில் ஏறிவிட்டார். சினிமாவாக எடுத்தால் இங்கே இடைவேளை விடலாம். அவமானத்தால் வைராக்கியம், வைராக்கியத்தால் தொழில் என்று ஒரே வரியில் கதையை முடிப்பார்கள்.

எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. பதவி உயர்வு கிடைக்காதவர்கள் எல்லாக் காலத்திலும் எல்லா ஆபீசிலும் இருக்கிறார்கள். நான் வேலை பார்த்த இடத்திலும் இரண்டு வருடம் என் பெயர் லிஸ்டில் வந்து வந்து போனது. கோபம் வந்தது உண்மை. அந்தக் கோபம் வேறொரு கம்பெனிக்கு அப்ளிகேஷன் போட வைத்ததே தவிர, லேத் வாங்க வைக்கவில்லை. கோபத்துக்கு ராஜினாமாக் கடிதம் எழுதுகிற பலம் உண்டு. அடுத்த மாதம் முதல் தேதி அது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. லட்சுமணராவுக்குப் போக ஓர் இடம் இருந்தது. சைக்கிள் கடை பல வருடமாக ஓடிக்கொண்டிருந்தது, கடையில் அண்ணன் இருந்தார், பம்பாய் மெஷின்களிடம் கற்றது கையில் இருந்தது. இந்த மூன்றும் இல்லாமல் அந்த அவமானம் மட்டும் இருந்திருந்தால் அவர் வேறொரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராகியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

பெல்காமில் சைக்கிளோடு ஒரு சின்னப் பட்டறையும் சேர்ந்தது. சந்தையில் ஏற்கெனவே இருக்கும் சாமானைச் செய்து போட்டிபோடுவதை விட, சுற்றியிருக்கும் குடியானவனுக்கு எது தேவை என்று பார்த்தார்கள். முதலில் தீவனம் வெட்டும் மெஷின். சோளத்தட்டை அப்படியே போட்டால் மாடு பாதி தின்று பாதி மிதிக்கும். நறுக்கிப் போட்டால் வீணாகாது. அடுத்து இரும்புக் கலப்பை. 1903-ல் முதல் கலப்பை தயாரானது. அதே வருடம் மே மாதம் மகன் சாந்தனுராவும் பிறந்தார்.

கலப்பை விற்கவில்லை.

ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, இரண்டு வருடம். இரும்பு மண்ணில் பட்டால் நிலத்துக்கு விஷம் ஏறிவிடும், விளைச்சல் போய்விடும் என்று விவசாயிகள் நம்பினார்கள். இதைப் படிக்கும்போது சிரிப்பு வரும். அறியாமை, மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் திருப்பத் தோன்றும். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் எனக்கு அவ்வளவு சுலபமாகத் திருப்ப முடியவில்லை.

அந்தக் குடியானவன் பக்கத்திலிருந்து பாருங்கள். மரக்கலப்பை என்றால் ஊர் ஆசாரி செய்து கொடுப்பார். கூலி, களத்தில் நெல்லோ சோளமோ அளந்து விடுவது. ஏர்க்கால் உடைந்தால் சாயங்காலத்துக்குள் சரிசெய்து மறுநாள் உழலாம். இரும்புக் கலப்பைக்கு ரொக்கம் எண்ணிக் கொடுக்க வேண்டும். விதைப்பு நேரத்தில் வார்ப்பு விரிசல் விட்டால் யாரிடம் போவது? பெல்காமுக்கு வண்டி கட்டிப் போய் வருவதற்குள் ஈரம் காய்ந்துவிடும். மழை தவறினால் அந்த வருடமே போச்சு. வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் ஈரத்தை, பார்த்துப் பழகாத ஒரு சாமானை நம்பி எவன் பணயம் வைப்பான்? விஷம் என்ற பேச்சுக்குப் பின்னால் இந்தக் கணக்கெல்லாம் இருந்திருக்க வேண்டும். வாங்குகிறவன் சொல்லும் காரணம் ஒன்று, அவன் மனசுக்குள் ஓடும் காரணம் வேறு. என் ஷெட்டில் செய்த முதல் இம்பெல்லர்களை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போனபோது, பெயின்ட் நிறம் சரியில்லை என்று ஒருவர் திருப்பி அனுப்பினார். நிறம் மாற்றிக் கொண்டுபோனாலும் வாங்கவில்லை. ஆறு மாதம் கழித்து நானும் ஷெட்டும் அதே இடத்தில் இருக்கிறோம் என்று தெரிந்த பிறகு பழைய நிறத்திலேயே வாங்கிக்கொண்டார்.

அந்த இரண்டு வருடத்தை அவர்கள் எப்படி ஓட்டியிருப்பார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் கலப்பை விற்காமல் கிடக்கும்போது கடன் வளரும், வீட்டில் கைக்குழந்தை. வேலையாட்களுக்கு வாரக்கூலி நிற்காது. பட்டறை ஒரே சாமானை நம்பியிருக்கவில்லை, தீவன மெஷினும் இருந்தது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். தம்பி மெஷினைப் பார்த்துக்கொள்ள, கடன்காரர்களையும் வாடிக்கைக்காரர்களையும் அண்ணன் பார்த்துக்கொண்டார் என்பது இன்னொன்று. லட்சுமணராவைப் பற்றி எழுதுகிறவர்கள் ராமுவண்ணாவுக்கு இரண்டு வரி ஒதுக்குவார்கள். நான் எழுதினால் சரிபாதி கொடுப்பேன். ஆரம்பத்தில் ஓவியப் பள்ளிக்குப் பணம் கட்டியவரும் அவர்தான் என்பதை மறக்க வேண்டாம்.

கடைசியில் கலப்பை விற்றது. ஆழமாக உழுகிறது, மண்ணைப் புரட்டிப் போடுகிறது என்பதை நிலத்தில் பார்த்துத்தான் வாங்கினார்கள். ஒருவர் வாங்கி உழுதால் வரப்புக்கு அந்தப் பக்கத்துக்காரர் பார்க்காமலா இருப்பார்? தொழில் கொஞ்சம் மூச்சு விட ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்து பெல்காம் முனிசிபாலிட்டியிலிருந்து இடி வந்தது. பட்டறை இருந்த பகுதியில் ஊரை விரிவுபடுத்திக் குடியிருப்பு அமைக்கப் போகிறோம், காலி செய்யுங்கள் என்றார்கள். கட்டடத்துக்கு வாங்கிய கடன் வேறு தலைக்கு மேல் நின்றது. மெஷின்களைப் பிடுங்கி எங்கே கொண்டுபோவது? அதே பெல்காமில் இன்று கிர்லோஸ்கர் ரோடு என்று ஒரு கடைவீதி இருக்கிறது. காலி செய்யச் சொன்ன ஊரே பிறகு பெயர் வைத்துக்கொண்டது.

கை கொடுத்தவர் அவுந்த் சமஸ்தானத்தின் ராஜா பாலாசாகேப் பந்த் பிரதிநிதி. இந்தப் பெயரை யோகாசனம் பழகுகிறவர்கள் கேள்விப்பட்டிருக்கலாம்; சூரிய நமஸ்காரத்தை ஊர் ஊராகப் பரப்பிய ராஜா இவர்தான். வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அளவுக்குச் சின்ன சமஸ்தானம். அவர் பத்தாயிரம் ரூபாய் வட்டியில்லாத கடனும், குண்டல் ரோடு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 32 ஏக்கர் தரிசும் கொடுத்தார். 1910-ல் பட்டறை அங்கே போனது. சப்பாத்திக் கள்ளியும் நல்லபாம்பும்தான் அங்கே குடியிருந்தன. விளைச்சலுக்கு உதவாத பூமி. ஆனால் பக்கத்திலேயே ரயில். மெட்ராசைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயின் பூனா - மிரஜ் பாதை அது. கலப்பை கனமான சாமான். வண்டி கட்டி அனுப்பினால் கூலியே விலையைத் தின்றுவிடும். வாகன் பிடித்து அனுப்ப வசதியுள்ள கள்ளிக்காடு, ஊருக்கு நடுவில் இருக்கும் நல்ல இடத்தைவிட மேல். இடம் பார்க்கும்போது நம்மில் பலர் மெயின் ரோடு ஃப்ரண்டேஜைப் பார்க்கிறோம்.

கள்ளியை வெட்டி, பாம்பை அடித்து, ஷெட் போட்டு, குடிசை போட்டுக் குடியேறினார்கள். ஆரம்பத்தில் இருபத்தைந்து தொழிலாளர்களும் அவர்கள் குடும்பங்களும். அவரோடு நின்று தொழிலை வளர்த்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் இன்றைக்கு எந்த ஹெச்.ஆர். ஆபீசரும் மயக்கம் போட்டு விழுவார். கே.கே. குல்கர்னி படிப்பில் தேறாதவர். மேனேஜராக எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்தார். அனந்தராவ் பள்ணிகர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். கற்பனை வளமுள்ள இஞ்சினீயராக ஆனார். கணக்கு வழக்கை மங்கேஷ்ராவ் ரேகே பார்த்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் மேலாகக் காவல்காரர்கள். துக்காராம் ராமோஷி, பீர்யா மாங் என்ற இருவர். கொள்ளைக் குற்றத்துக்குத் தண்டனை அடைந்து வந்தவர்கள். அவர்களிடம்தான் இரவுக் காவலை ஒப்படைத்தார்கள். நம்பி ஒப்படைத்த காவலை அவர்கள் நாணயமாகப் பார்த்தார்கள்.

இதில் தர்மமும் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது என்று நினைக்கிறேன். கள்ளிக்காட்டுக்குப் பட்டம் வாங்கிய ஆட்களா வருவார்கள்? வந்தவர்களை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். என் ஷெட்டில் ஆறு பேர். மூன்று பேர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். அதில் ஒருவர் காதால் கேட்டே பேரிங் தேய்ந்திருப்பதைச் சொல்லிவிடுவார். அவரை இன்டர்வியூ வைத்து எடுத்திருந்தால் முதல் கேள்வியிலேயே அனுப்பியிருப்பேன்.

அந்தக் குடியிருப்புக்குக் கிர்லோஸ்கர்வாடி என்று பெயர் வந்தது. ரயில் நிலையமும் இன்று அந்தப் பெயரில்தான் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டம். தன் ஊரில் தீண்டாமை கூடாது என்று லட்சுமணராவ் உறுதியாக இருந்தார். 1910-களின் கிராமத்தில், அதுவும் ஒரு வேதாந்தப் பண்டிதரின் மகன் அப்படி நின்றது லேசுப்பட்ட விஷயம் இல்லை. ஷெட் கட்டுவதைவிட அது கஷ்டமான வேலை என்று சொல்வேன்.

முதல் உலகப் போர் வந்ததும் வெளிநாட்டு இரும்பு வரத்து நின்றது. வார்ப்படத்துக்கு இரும்பில்லை என்றால் கலப்பை ஏது? கோலாப்பூர் மகாராஜா ஷாகு தன்னிடம் கிடந்த பழைய பீரங்கிகளை உருக்கிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். சண்டைக்காக வார்த்த இரும்பு அப்படி உழவுக்குப் போனது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு அது சிறுதொழில் இல்லை. 1920-ல் கிர்லோஸ்கர் பிரதர்ஸ் லிமிடெட் கம்பெனியாகப் பதிவானது. அதே ஆண்டு, உறவினர் சங்கர்ராவின் பொறுப்பில் ஒரு பத்திரிகையும் கிளம்பியது. கம்பெனிச் செய்தி சொல்ல ஆரம்பித்து, பிறகு மராத்தி வீடுகளில் விரும்பிப் படிக்கும் மாத இதழாகவே வளர்ந்தது. கரும்பு பிழியும் மெஷின், கடலை உடைக்கும் மெஷின் என்று வயலைச் சுற்றியே சாமான்கள் பெருகின. 1926-ல் சென்ட்ரிஃப்யூகல் பம்ப் வந்தது. மகன் சாந்தனுராவ் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் மெக்கானிக்கல் படித்து முடித்ததும் அதே 1926-ல்தான். நாற்பதுகளில் ஹரிஹரில் லேத் தொழிற்சாலை, பூனாவில் ஆயில் இன்ஜின், பெங்களூரில் மின் மோட்டார் என்று பரவியதில் மகனின் கை அதிகம். நம் கல்லூரி ஒர்க்‌ஷாப்புகளிலும் கோவைப் பட்டறைகளிலும் மைசூர் கிர்லோஸ்கர் லேத்தில் கை பழகியவர்கள் எத்தனை பேர் என்று இந்த ரீயூனியனில் கை தூக்கச் சொன்னால் அரங்கத்தில் பாதி தூக்கும்.

லட்சுமணராவ் 1956 செப்டம்பர் 26-ல் காலமானார். வயது 87. அவர் பிறந்த நூற்றாண்டில், 1969 ஜூன் 20 அன்று தபால் துறை அவர் படத்தோடு தலை வெளியிட்டது. கிர்லோஸ்கர்வாடியில் இன்றும் பம்ப் தயாராகிறது.

மலர்க் குழு கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவரைத் தூண்டியது எது என்று என்னைக் கேட்டால் பதவி கிடைக்காத அந்த நாளைச் சொல்ல மாட்டேன். வகுப்பு முடிந்த சாயங்காலங்களைச் சொல்வேன். யாரும் கேட்காமல், யாரும் மார்க் போடாமல், பம்பாயில் ஏதோ ஒரு மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அந்தச் சாயங்காலங்கள். அதற்கு அடுத்து, பணம் அனுப்பிய அண்ணனைச் சொல்வேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு சம்பவம். நம் கல்லூரி ஃபைனல் இயர் பையன் ஒருவன் சில மாதமாகச் சனிக்கிழமைகளில் என் ஷெட்டுக்கு வந்து போகிறான். சொட்டுநீர்க் குழாய்க்கு ஒரு ஃபில்டர் செய்கிறான். நாலு தடவை பேட்டர்ன் மாற்றிவிட்டான், இன்னும் லீக் நிற்கவில்லை. கேம்பஸில் வேலையும் கிடைத்திருக்கிறது. அவனுடைய அப்பா போன வாரம் நேரில் வந்தார். திட்டப் போகிறார் என்றுதான் ஸ்டூல் எடுத்துப் போட்டேன். அவர் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார், லேத் என்ன விலை என்று கேட்டார். பிறகு மெதுவாக, பையன் செய்கிற சாமான் இரண்டு வருடம் விற்காமல் போனால் என்ன தம்பி பண்ணுவது என்று கேட்டார். இரண்டு வருடம் என்ற கணக்கை அவர் எங்கிருந்து எடுத்தாரோ தெரியாது. நான் கலப்பைக் கதையைச் சொல்லவில்லை. பையன் வேலையில் சேரட்டும், சனிக்கிழமை லேத் காலியாகத்தான் இருக்கும், வரச் சொல்லுங்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. சாப்பாட்டுக்குப் பிரச்சினை இல்லை, வீட்டில் கறவை மாடு இரண்டு இருக்கிறது, மூத்தவனும் சம்பாதிக்கிறான் என்று சொல்லிவிட்டு, மகன் செய்த ஃபில்டரை ஒருமுறை கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பினார்.